நெல்லையில் டேக்வாண்டோ: முதல் ஆறு மாதம்

என் மகள் இப்போதைய மாஸ்டரிடம் டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைப் படிக்கத் தொடங்கியபோது, பள்ளிக்கூட வராந்தாவில் அவளுடைய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பாளையங்கோட்டையில் பள்ளி மைதானங்களின் ஓரத்தில் இப்படி அம்மாக்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏழாவது மாதம் மாஸ்டரிடம் போய், "பெரியவங்களும் சேரலாமா சார்?" என்று கேட்டேன். அவர் உடனே ஃபீஸ் சொல்லவில்லை. "முட்டுல, முதுகுல ஏதும் தொந்தரவு உண்டாம்மா? சுகருக்கு, பிரஷருக்கு மாத்திரை எடுக்கியளா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்போது எனக்கு 33 வயது. இப்போது 36, இடுப்பில் நீல பெல்ட்.

இந்த மூன்று வருடத்தில் தெருவிலும் பள்ளி வாசலிலும் என்னைப் பிடித்துக்கொண்டு பலர் கேட்டுவிட்டார்கள். எங்கே சேர்ப்பது, என்ன வாங்குவது, அடிபடுமா, பெண் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா, முப்பது வயதுக்கு மேல் கால் தூக்க வருமா? அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் மாஸ்டர் கிடையாது, இன்னும் படித்துக்கொண்டிருக்கிற மாணவி. தொடக்கத்தில் எது எது குழப்பும் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கராத்தேயும் இதுவும்

நம்ம ஊரில் வெள்ளை உடை போட்டுக் காலை வீசினால் எல்லாமே கராத்தேதான். ஒரே போர்டில் இரண்டு பெயரும் இருக்கும் கிளாஸ்களும் உண்டு. அதனால் சேரும் முன் எதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கராத்தே ஜப்பானில் இருந்து வந்தது, கட்டளைகள் ஜப்பானிய மொழியில் இருக்கும். டேக்வாண்டோ கொரியாவுடையது. 'டே' என்றால் கால், 'க்வான்' என்றால் முஷ்டி, 'டோ' என்றால் வழி. 1955-ல் இந்தப் பெயர் வந்தது. கை வேலையும் உண்டு, ஆனால் அழகும் பலமும் காலில்தான்.

உள்ளே இரண்டு கிளைகள் இருக்கின்றன. ஒன்று, சியோலில் 1972-ல் திறக்கப்பட்ட குக்கிவோன் என்ற தலைமையகத்தையும், 1973-ல் தொடங்கிய உலக டேக்வாண்டோ அமைப்பையும் சார்ந்தது. ஒலிம்பிக்கில் பார்ப்பது இதைத்தான். 1988-ல் சியோலில் காட்சி விளையாட்டாக இருந்து, 2000-ல் சிட்னியில் பதக்க விளையாட்டானது. இன்னொன்று 1966-ல் தொடங்கிய சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு, சுருக்கமாக ஐ.டி.எஃப். இரண்டிலும் வரிசைப் பயிற்சிகள் வேறு, போட்டி விதிகள் வேறு. ஒலிம்பிக் வகையில் எதிராளியின் முகத்தில் கையால் குத்தக் கூடாது, ஐ.டி.எஃப். வகையில் குத்தலாம். பிள்ளை பள்ளி அளவிலான போட்டிகளுக்குப் போக வேண்டும் என்று நினைத்தால் முதல் வகையைத் தேடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்வதும் அதைப் பற்றித்தான்.

"நம்ம சிலம்பம் இருக்கும்போது கொரியாக்காரன் வித்தை எதுக்கு?" என்று என் பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் கிளாசில் சிலம்பம் படித்துவிட்டு வந்த பையன் ஒருவன் இருக்கிறான். திரும்பும்போது எந்தக் காலில் எடை இருக்க வேண்டும் என்பது அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. நாங்கள் ஒரு மாதம் பாடுபட்டதை அவன் ஒரு வாரத்தில் செய்தான். சிலம்பம் ஆடுகிறவர்கள் அதை விட வேண்டாம், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

கிளாஸ் தேடுவது

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் மாவட்டத்தில் டேக்வாண்டோ எங்கெங்கே நடக்கிறது என்று கேட்கலாம். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது, அந்தப் பக்கம் இருப்பவர்கள் தென்காசியில் விசாரிக்க வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வள்ளியூர், நாங்குநேரி பக்கம் இருப்பவர்களுக்கு நல்ல வழி, பள்ளிக்கூடத்து பி.டி. சாரைக் கேட்பது. எந்த மாஸ்டரின் பிள்ளைகள் போட்டிக்கு ஒழுங்காக வந்து போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இடம் தெரிந்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் போய், தொடக்கத்தில் இருந்து கடைசி வரை உட்கார்ந்து பாருங்கள். நன்றாக உதைக்கிற பிள்ளையைப் பார்க்க வேண்டாம், அந்தப் பிள்ளை எங்கே போனாலும் நன்றாகத்தான் உதைக்கும். கடைசி வரிசையில் நிற்கிற குண்டுப் பையனையோ பயந்த பிள்ளையையோ பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மாஸ்டர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் எத்தனை தடவை வந்து நிற்கிறார்? என்ன வார்த்தை சொல்கிறார்? கம்பால் தொடையில் தட்டுகிறாரா? அங்கே எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்து தரையைப் பாருங்கள். ரப்பர் மேட் இருந்தால் நல்லது. நம்ம பக்கம் பாதிக் கிளாஸ்கள் செம்மண் தரையிலோ சிமென்ட் தரையிலோதான் நடக்கின்றன, அது குற்றமில்லை. ஆனால் சிமென்ட் தரையில் பிள்ளைகளைத் துள்ளித் துள்ளி உதைக்க விடுகிற இடம் வேண்டாம். குதிகாலும் முழங்காலும் தாங்காது. உடம்பைச் சூடு பண்ண எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்றும் கடிகாரத்தில் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். பெண் பிள்ளைகளைத் திருத்தும்போது மாஸ்டர் எப்படித் திருத்துகிறார் என்பதும் முக்கியம். எங்கள் மாஸ்டர் கையால் தொடாமல், தான் செய்து காட்டுவார். கால் வைக்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் போடுவார். தொட்டுத்தான் திருத்த வேண்டும் என்றால் சீனியர் பெண்ணை அழைப்பார். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

என் மகளை நாங்கள் முதலில் சேர்த்தது வேறொரு இடம். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பெல்ட் எக்ஸாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீஸ், சர்டிபிகேட்டுக்குத் தனி, போட்டோவுக்குத் தனி. ஆறு மாதத்தில் மூன்று பெல்ட் வாங்கிவிட்டாள். வீட்டில் ஒரு நாள் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். பத்து எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பணம் போனதைவிட, தனக்கு எல்லாம் தெரியும் என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருந்தாளே, அதைக் கலைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. புது இடத்தில் மறுபடி வெள்ளை பெல்ட் கட்ட வேண்டும் என்றதும் இரண்டு நாள் அழுதாள். அதனால் சொல்கிறேன்: சேரும் முன்பே, "எத்தனை மாதத்துக்கு ஒரு எக்ஸாம்? அதற்கு மொத்தம் எவ்வளவு? தயாராகாத பிள்ளையை நிறுத்தி வைப்பீர்களா?" என்று மூன்றையும் கேளுங்கள். நிறுத்தி வைப்பேன் என்று சொல்கிற மாஸ்டரை நம்பலாம்.

மாஸ்டருடைய கறுப்பு பெல்ட் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. குக்கிவோன் கொடுத்த சான்றிதழாக இருந்தால் அதில் எண் இருக்கும், அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். நல்ல மாஸ்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். அப்புறம் ஒன்று: "சேர்த்தால் போதும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் உறுதி" என்று யாராவது சொன்னால், எந்தப் போட்டியின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் சேரலாம்

ஆறு ஏழு வயதில் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு வரிசையில் நிற்கப் பழகிவிடுவார்கள், அப்போது சேர்க்கலாம். மேல் வயதுக்கு எல்லை இல்லை. முழங்கால் தேய்மானம், முதுகுத் தண்டில் பிரச்சினை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். கையில் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில்தான் டேக்வாண்டோ முதல்முறை சேர்க்கப்பட்டது. அதில் இந்தியாவின் சார்பில் ஹரியானாவைச் சேர்ந்த அருணா தன்வர் ஆடினார்.

உடையும் மெட்டியும்

முதல் மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். தளர்வான டிராக் பேன்ட், டி-ஷர்ட் போதும். பிள்ளை தொடர்ந்து போகிறதா, உங்களுக்கே பிடிக்கிறதா என்று தெரிந்தபின் டிரஸ் வாங்கலாம். டிரஸ்ஸின் கொரியப் பெயர் தோபோக். சட்டையைத் தலை வழியாக மாட்ட வேண்டும், கழுத்து ஆங்கில எழுத்து 'வி' போல இருக்கும். அளவு உயரத்தை வைத்து, சென்டிமீட்டர் கணக்கில் வரும். வளர்கிற பிள்ளைக்கு ஒரு அளவு பெரிதாக வாங்கிக் காலை மடித்துத் தைத்துவிடுங்கள். முழங்காலை மார்பு வரை தூக்கும்போது தொடையில் பிடிக்கக் கூடாது. கடையிலேயே தூக்கிப் பார்த்து வாங்குங்கள். பயிற்சி வெறுங்காலில்தான். கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போக வேண்டும், நீண்ட நகம் அடுத்தவர் காலைக் கிழித்துவிடும்.

கல்யாணமான பெண்களுக்கு இதில் ஒரு விஷயம் உண்டு, யாரும் எழுதுவதில்லை. மெட்டி. அது மேட்டின் இடுக்கில் மாட்டும், பேடில் (ஒருவர் கையில் பிடிக்க, நாம் உதைத்துப் பழகுகிற மெத்தை) உதைக்கும்போது விரலை வெட்டும், எதிரில் பேடு பிடிப்பவரின் கையையும் கீறும். முதல் நாள் நான் அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது என் மாமியார் பார்த்துவிட்டார்.

"மெட்டிய எதுக்குட்டி கழத்துத? ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"ஒரு மணி நேரந்தான் அத்த. அடுத்த பிள்ளை கைய கீறிரக் கூடாதுல்லா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, அந்தக் குங்குமச் சிமிழ்ல போட்டு வை. வந்ததும் மறக்காம மாட்டு" என்றார். இப்போதெல்லாம் ஐந்து மணி ஆனால் அவரே சிமிழை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறார். தாலியை நான் கனமான சங்கிலியில் இருந்து மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி, உள்ளே செருகிக்கொள்கிறேன். கொலுசு, வளையல், தொங்கட்டான் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

பெண்கள் வெள்ளைச் சட்டைக்குள் ஒரு டி-ஷர்ட்டும், வெள்ளைப் பேன்ட்டுக்குள் கறுப்பு ஷார்ட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாளிலும் நிம்மதியாகப் பயிற்சி செய்யலாம். முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்லிவிட்டு உட்காரலாம். மேலப்பாளையத்தில் இருந்து வருகிற ஒரு தாய் என்னிடம், தலையை மூடிக்கொண்டு ஆட விடுவார்களா என்று கேட்டார். விடுவார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஈரானின் கிமியா அலிசாதே தலையை மறைத்துக்கொண்டு ஆடித்தான் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஈரானியப் பெண் அவர். ஊசி குத்தாமல், இறுக்கமாக நிற்கிற துணியாக இருந்தால் போதும்.

காதில் விழும் கொரியன்

முதல் வாரம் ஒன்றும் புரியாது. எல்லாக் கிளாசிலும் வருவது ஒரே சில வார்த்தைகள்தான், முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதற்றம் இருக்காது. 'சாரியோத்' என்றால் நேராக நில். 'கியோங்னே' என்றால் வணங்கு. 'ஜுன்பி' தயார், 'சிஜாக்' தொடங்கு, 'குமான்' நிறுத்து. எண்ணிக்கை: ஹானா, துல், செத், நெத், தாசோத், யோசோத், இல்கொப், யோதொல், ஆஹொப், யோல். அடிக்கும்போது வயிற்றில் இருந்து போடுகிற சத்தத்துக்குக் 'கிஹாப்' என்று பெயர். பெரியவர்கள் இதற்குத்தான் கூச்சப்படுவார்கள். மூச்சு வெளியே போகும்போது வயிறு இறுகும், அடியும் உறுதியாகும், அதற்காகத்தான் அந்தச் சத்தம். பிள்ளைகளோடு சேர்ந்து போடுங்கள், இரண்டு வாரத்தில் கூச்சம் போய்விடும்.

கொரியாவில் பிள்ளைகள் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்கள். இதை மகளிடம் சொன்ன நாளில் இருந்து அவளுக்கு அந்த மொழி மேல் தனிப் பாசம்.

முழங்கால்

முதல் ஆறு மாதத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்று சொல்லச் சொன்னால், முழங்காலைத் தூக்குவது என்பேன். தொலைக்காட்சியில் தலைக்கு மேல் போகிற காலைப் பார்த்துவிட்டு வருகிறோம், அதனால் பாதத்தையே கவனிக்கிறோம். உதை பாதத்தில் தொடங்குவதில்லை. முழங்கால் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் பாதம் போகும், முழங்கால் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுதான் உதையும் உயரும்.

முதலில் வருவது ஆப் சாகி, நேர் உதை. எண்ணிக்கையோடு செய்யுங்கள். ஹானா: வலது முழங்காலை மார்பு நோக்கித் தூக்குங்கள், கீழ்க்கால் மடங்கி, குதிகால் தொடையை ஒட்டி இருக்கட்டும். துல்: காலை நீட்டுங்கள். விரல்களைப் பின்னால் மடக்கி, பாதத்தின் முன்பக்கத்து மேட்டுப் பகுதியால் அடிக்க வேண்டும். விரலை நீட்டியபடி அடித்தால் விரல்தான் ஒடியும். செத்: அதே வழியில் மறுபடி மடக்குங்கள். நெத்: மெதுவாகக் கீழே வையுங்கள். நான்கில் மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். உதைத்துவிட்டுக் காலை அப்படியே தரையில் போட்டுவிடுவோம். மடக்காமல் விழுகிற காலை எதிராளி பிடித்துக்கொள்ளலாம், நம்ம எடையும் தாறுமாறாக முன்னால் சாயும். எங்கள் மாஸ்டர், "போன கால் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டுல்லா கீழ வைக்கணும்" என்பார்.

வீட்டில் செய்யும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு காலுக்குப் பத்து, அவ்வளவு போதும், ஆனால் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு மூச்சு நேரம் அசையாமல் நிற்க வேண்டும். ஹானாவில் நிற்கும்போது ஊன்றிய காலின் கரண்டை நடுங்கும். முதல் இரண்டு வாரம் எனக்குச் சின்னப் பிள்ளை நடக்கிற மாதிரி ஆடியது. மூன்றாவது வாரம் ஒரு நாள் பல் தேய்க்கும்போது, காரணமே இல்லாமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்ததைக் கவனித்தேன். கம்பியை விட்டுவிட வேண்டிய நேரம் அதுதான்.

அடுத்து தோல்யோ சாகி, சுழற்றி அடிக்கும் உதை. போட்டியில் அதிகம் ஓடுவது இதுதான், புதியவர்கள் முழங்காலைக் கெடுத்துக்கொள்வதும் இதில்தான். காரணம், ஊன்றிய கால். உதைக்கிற கால் சுற்றும்போது ஊன்றிய பாதமும் சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்பாமல் ஒட்டிக்கொண்டு நின்றால், மேலே இடுப்பு ஒரு பக்கம், கீழே பாதம் ஒரு பக்கம் என்று நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். இதற்கு நான் செய்தது: தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், கோலப்பொடியால் நேராக ஒரு கோடு போட்டேன். கோட்டின் அந்தக் கோடிதான் இலக்கு. உதைத்து முடிக்கும் கணத்தில் ஊன்றிய காலின் குதிகால் அந்தக் கோடியைப் பார்க்க வேண்டும். குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, பாதத்தின் முன்பகுதியில் திரும்ப வேண்டும். கோலப்பொடியில் பாதத்தடம் பதியும். வட்டமாகக் கலைந்திருந்தால் திரும்பியிருக்கிறீர்கள், கலையாமல் இருந்தால் திரும்பவில்லை. கண்ணாடியைவிட அது தெளிவாகச் சொல்லும்.

உயரத்தை மூன்று மாதம் மறந்துவிடுங்கள். இடுப்பு உயரத்துக்குச் சரியாகப் போய் மடங்கித் திரும்புகிற கால், ஆறு மாதம் கழித்துத் தானே மார்புக்குப் போகும்.

மேல்வலியும் அடியும்

முதல் வாரம் படியிறங்கும்போது தொடை கத்தும். இது சாதாரண மேல்வலி, மூன்று நாளில் போய்விடும், அதற்காக கிளாசை விடாதீர்கள். ஒரே இடத்தில் சுருக்கென்று குத்துவது, வீங்குவது, காலை ஊன்ற முடியாதது, இதெல்லாம் வேறு.

இரண்டாவது மாதம் ஒரு விடியற்காலையில், உடம்பு சூடாகாமலே, மகளைப் போலக் காலை விரித்து உட்காரப் பார்த்தேன். தொடையின் பின்பக்கம் நூல் அறுந்த மாதிரி ஒரு சத்தம், சத்தமா உணர்வா என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று வாரம் உதைக்க முடியவில்லை. அதற்குப்பின் நான் விடாமல் கடைப்பிடிப்பது இது: பயிற்சிக்கு முன் காலை முன்னும் பின்னும் வீசுவது, குதிப்பது, ஓடுவது மாதிரியான அசைவுகள் மட்டும். நீட்டிப் பிடித்து நிற்கிற நீட்சிகள் பயிற்சி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது. யாரையும் முதுகில் ஏறி அழுத்த விடாதீர்கள். பிள்ளைகளின் காலை இரண்டு பேர் பிடித்து விரிக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அழுகிற பிள்ளையை அப்படி விரிக்கிற இடத்தில் இருந்து அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சுளுக்கோ தசைப்பிடிப்போ வந்தால் நம்ம வீடுகளில் உடனே எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள், வெந்நீர் ஊற்றுவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் இரண்டும் வேண்டாம், வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை வைத்து, துணியால் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஊன்ற முடியவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் சாயங்காலம் ஐந்து மணிக்குக்கூட நம்ம ஊர்த் தரை கொதிக்கும். அந்த இரண்டு மாதமும் காலைக் கிளாஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே சோற்றை முடித்துவிட வேண்டும். பசித்தால் அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம். முடித்த பின் மோரோ நீச்சத் தண்ணியோ உப்புப் போட்டுக் குடித்தால் உடம்பு தேறும். காசு கொடுத்து வாங்கும் பவுடர்கள் எதுவும் தேவையில்லை.

பூம்சே

தனியாக நின்று கற்பனை எதிராளிகளோடு செய்கிற அசைவு வரிசைக்குப் பூம்சே என்று பெயர். கறுப்பு பெல்ட்டுக்கு முன் தேகுக் என்ற வரிசையில் எட்டு உண்டு. முதலாவது தேகுக் இல் ஜாங், வானத்தைக் குறிப்பது, 18 அசைவுகள். இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு அடி முன்னால் வந்து குத்து, அப்படியே பின்னால் திரும்பி மறுபக்கம் அதே இரண்டு. இப்படித்தான் தொடங்கும். நடந்து போகிற மாதிரி சின்ன நிலைகளும், முன்கால் மடங்கிய நீள நிலைகளும் மாறி மாறி வரும். நேர் உதை இரண்டே இரண்டு தடவைதான்.

இதில் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் விழுவார்கள். வீட்டில் ஜன்னலைப் பார்த்தே பழகிவிட்டு, கிளாசில் வேறு திசையில் நின்றதும் அப்படியே மறந்துவிடும். மனது அசைவைப் பிடிக்காமல் அலமாரியையும் ஜன்னலையும் பிடித்துக்கொண்டிருக்கும். தினம் ஒரு சுவரைப் பார்த்து நின்று தொடங்குங்கள். என் மகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தால் அன்றைக்கு அடிகள் எல்லாம் ஒரே அளவு என்று பொருள்.

ஃபைட்

ஃபைட் செய்ய அவசரப்படாதீர்கள். எங்கள் கிளாசில் மஞ்சள் பெல்ட் வரை பேடில்தான் உதைக்க விடுவார்கள், அது சரியான முறை. விதிகளை மட்டும் தெரிந்துகொண்டால் மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கச் சுவையாக இருக்கும். மார்புக் கவசத்தில் குத்து விழுந்தால் 1 புள்ளி, உதைக்கு 2, சுழன்று திரும்பி உதைத்தால் 4. தலையில் உதைக்கு 3, சுழன்று உதைத்தால் 5. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது, எதிராளியைக் கையால் பிடிப்பது, எல்லைக் கோட்டைத் தாண்டுவது எல்லாம் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் 'காம்ஜோம்' என்று எதிராளிக்கு ஒரு புள்ளி போகும்.

கவசங்களில் பல் கார்டும், அடிவயிற்றுக் கார்டும் கண்டிப்பாகச் சொந்தமாக வேண்டும், அடுத்தவருடையதைப் போட முடியாது. அதற்கடுத்து முன்கால் கார்டு. மார்புக் கவசமும் தலைக் கவசமும் பெரும்பாலும் கிளாசிலேயே இருக்கும். விலை அதிகம், பிள்ளை வளர்ந்தால் அளவும் மாறும், ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம்.

முதல் பெல்ட் எக்ஸாம்

பெல்ட்டுகளின் வரிசை வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. நடுவில் இடைநிலைகளும் உண்டு. கறுப்பு பெல்ட்டுக்கு முன் பத்துப் படிகள், பத்தில் தொடங்கி ஒன்று வரை இறங்கி எண்ணுவார்கள். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கறுப்புக்குப் பதில் 'பூம்' என்ற நிலை, பாதி சிவப்பு பாதி கறுப்பு பெல்ட். வாரத்துக்கு மூன்று நாள் ஒழுங்காகப் போனால் முதல் எக்ஸாமுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்.

அன்றைக்கு முந்தின நாள் இரவு டிரஸ்ஸை மட்டும் தனியாகத் துவைத்துக் காயப் போட்டு வையுங்கள். பெல்ட் கட்டும்போது அதன் நடுப்பகுதியைத் தொப்புளில் வைத்து, இரண்டு முனையையும் பின்னால் கொண்டு போய்க் குறுக்கே மாற்றி முன்னால் கொண்டு வந்து, ஒரு முனையை இரண்டு சுற்றுக்கும் அடியில் விட்டு மேலே இழுத்து முடிச்சுப் போட வேண்டும். தொங்குகிற இரண்டு முனையும் ஒரே நீளம் இருக்க வேண்டும். எக்ஸாமில் நிலைகள், தடுப்புகள், குத்து, இரண்டு மூன்று உதைகள், பூம்சேயின் தொடக்கமோ முழுவதுமோ, கொரிய எண்கள் கேட்பார்கள். நடுவில் மறந்துபோனால் அசையாமல் நின்று, அடுத்த அசைவு நினைவுக்கு வந்ததும் அதில் இருந்து தொடருங்கள். கையைத் தொங்கப் போட்டுவிட்டுச் சிரித்தால்தான் மதிப்பெண் போகும்.

மஞ்சள் பெல்ட் கைக்கு வந்ததும் வெள்ளை பெல்ட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பயிற்சி முடிந்த பின் மல்லாந்து படுத்து, அதை ஒரு பாதத்தின் நடுவில் மாட்டி, இரண்டு முனையையும் கையில் பிடித்து, முழங்காலை மடக்காமல் காலை மெதுவாக முகத்தை நோக்கி இழுங்கள். முப்பது எண்ணும் வரை பிடித்துவிட்டு, அடுத்த கால். எனக்குத் தொடையில் அறுந்தது சரியானது இப்படித்தான். மூன்று வருடமாக அந்த வெள்ளை பெல்ட் என் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது.